ஒற்றைச் சக்கர வித்தை

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை, நமது பழைய மாணவன் ஒருவனைப் பார்ப்பதற்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். பையனுக்கு வயது பத்தொன்பது. தோள்பட்டை எலும்பு முறிந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுடன் படுத்திருந்தான். அவனுடைய தாயார் கட்டிலருகே உட்கார்ந்து பால் ஆற்றிக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு, பின் சக்கரம் ஒன்றினாலேயே ஓடுகிற வித்தையை நம் ஊர் வாலிபர்கள் 'வீலிங்' என்கிறார்கள். அதைப் பழகப் போனதால் வந்த வினை இது.

"ஸார், நீங்கள் சொன்னால்தான் இவன் கேட்பான். நன்றாக நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார் அந்த அம்மாள்.

நாமும் தொண்டையைக் கனைத்துக்கொண்டோம். உபதேசம் செய்வதற்கு உபாத்தியாயருக்கு முன்கூட்டித் தயாரிப்பு எதுவும் வேண்டியதில்லையல்லவா? ஆனால் நாம் வாயைத் திறப்பதற்குள் பையன் முந்திக்கொண்டான்.

"ஸார், ஒரு சந்தேகம். முன் சக்கரம் ஒரு முழம் எழும்பின பிறகு நான் ஆக்ஸிலேட்டரைக் கூட்டவே இல்லை, அப்படியே பிடித்திருந்தேன். அப்படியும் வண்டி வர வர வேகமாக மேலே போய் என்னைப் பின்னால் தள்ளிவிட்டது. அது ஏன் ஸார்?"

இந்தப் பையனுக்கு இரண்டு வருஷம் பௌதிகம் கற்பித்தவர்கள் நாம். திருப்புத்திறன் என்ற பாடத்தை ஒரு மரச் சட்டத்தையும் சில எடைக் கற்களையும் வைத்துக்கொண்டு விளக்கினோம். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு அவன் முழு மார்க்கு வாங்கினான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நாம் அளித்த பதிலோ, "முதலில் உடம்பு தேறட்டும், அப்பா" என்பதுதான். உண்மையைச் சொன்னால், நமக்கு விடை சட்டென்று தோன்றவில்லை.

அன்றிரவு காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். விஷயம் அவ்வளவு கடினமானதன்று. வண்டியும் அதன்மேல் இருக்கும் மனிதனும் சேர்ந்த பாரத்தின் மையம், பின் சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து சிறிது தூரம் முன்னாலும், தரையிலிருந்து ஏறக்குறைய அதே உயரத்திலும் இருக்கிறது. பாரம் முன் சக்கரத்தைத் தரையில் அழுத்தப் பார்க்கிறது. வண்டி முன்னோக்கிப் பாயும் வேகமோ அதைத் தூக்கப் பார்க்கிறது. முன் சக்கரம் தரையை விட வேண்டுமானால், வினாடிக்கு வினாடி சுமார் 9.8 மீட்டர் வீதம் வேகம் கூட வேண்டும். அதாவது, நின்ற வண்டி ஒரே வினாடியில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டும். நம் பையன்கள் ஓட்டுகிற 150 ஸி.ஸி. வண்டிக்குச் சாதாரணமாக அந்தச் சக்தி கிடையாது. ஆகையால்தான் அவர்கள் கிளட்சைப் பிடித்து, எஞ்சினை உறுமவிட்டு, திடீரென்று கிளட்சை விடுகிறார்கள். சுழலும் எஞ்சினில் சேர்ந்திருந்த சக்தி ஒரே மூச்சில் பின் சக்கரத்துக்குப் பாய்கிறது; முன் சக்கரம் எழும்புகிறது.

ஆபத்து எழும்பிய பிறகு இருக்கிறது. முன் சக்கரம் உயர உயர, பார மையம் பின்னோக்கியும் மேல்நோக்கியும் நகர்கிறது. கீழே இழுக்கும் பாரத்தின் பிடி தளர்கிறது. மேலே தூக்கும் வேகத்தின் பிடி இறுகுகிறது. வண்டி 20 பாகை நிமிர்ந்ததுமே, தூக்குவதற்குத் தேவையான வேக வளர்ச்சி ஆரம்பத்தில் வேண்டியதைவிட வெகுவாகக் குறைந்துவிடுகிறது. முதலில் போதாமல் இருந்த அதே ஆக்ஸிலேட்டர் இப்பொழுது மிதமிஞ்சிப் போகிறது! இன்னும் நிமிர்ந்தால், பார மையம் பின் சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே வந்து நிற்கும் நிலை ஒன்று உண்டு. அதுதான் சமநிலை. அதையும் தாண்டினால், அதுவரை காப்பாற்றி வந்த பாரமே ஆளைப் பின்னால் இழுத்துத் தள்ளும். ஆக்ஸிலேட்டரைக் கூட்டாமலிருந்தது பையனைக் காப்பாற்றவில்லை; குறைத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக வேறொன்று செய்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மெக்கானிக்.

நம் ஊருக்கு நாலு மைல் தூரத்தில், வெகு நாளாக மூடிக்கிடக்கும் நூல் மில் ஒன்று இருக்கிறது. அதன் விசாலமான சிமெண்டுத் தளத்தில், சொந்தக்காரரிடம் எழுத்து மூலமாக அனுமதி பெற்று, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வித்தையை முறையாகச் சொல்லிக்கொடுக்கிறார் ஒருவர். இருங்காட்டுக்கோட்டை ஓட்டப் பந்தயத் தடத்தில் சில வருஷங்கள் பந்தய வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். வயது முப்பத்தைந்து இருக்கலாம். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஸார், விழுகிற சமயத்தில் அந்தப் பையனுடைய வலது கால் எங்கே இருந்தது?" என்பதே.

நமக்குத் தெரியாது. பிறகு பையனைக் கேட்டபோது, நெடுநேரம் யோசித்து, "பயத்தில் இரண்டு காலையும் அகல விரித்துவிட்டேன், ஸார்" என்றான்.

"அதுதான் சங்கதி. தூக்குவது கை, இறக்குவது கால்" என்றார் மெக்கானிக். மோட்டார் சைக்கிளின் பின் பிரேக் வலது காலடியில் இருப்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். வண்டி நிமிர்ந்து நிற்கையில் அந்தப் பிரேக்கை இலேசாக அழுத்தினால், பின் சக்கரம் தயங்குகிறது. மேலே இருக்கும் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. முன் சக்கரம் இறங்குகிறது. சமநிலையைச் சற்றுத் தாண்டிப்போன வண்டியைக்கூடத் திருப்பிக் கொண்டுவர வல்லது அந்த ஒரு பிரேக்தான். ஆக்ஸிலேட்டரை மூடினாலும் வண்டி இறங்கும். ஆனால் திடீரென்று மூடினால் முன் சக்கரம் தடாலென்று தரையில் மோதி, மணிக்கட்டையும் முன் ஃபோர்க்கையும் ஒருங்கே பதம் பார்க்கும்.

ஆகையால் அவரிடம் வருகிறவர்கள் முதல் நாள் சக்கரத்தைத் தூக்குவதே இல்லை. குதிகாலைக் கால்தாங்கியில் ஊன்றி, முன்பாதத்தைப் பிரேக்கின் மேல் அழுத்தாமல் வைத்துக்கொண்டு, முதல் கியரில் நடை வேகத்தில் போய்ப் போய், பின் பிரேக்கை மட்டும் தட்டிப் பழக வேண்டும். கால் அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணிக்கை. இரண்டாம் நாள் ஒரு சாண் உயரம், எழும்பியதும் பிரேக். பயம் வந்த பிறகு பிரேக்கைத் தேடக் கூடாது. பயம் வருவதற்கு முன்பே கால் தானாக அழுத்த வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். மேலே போவதற்கு ஆசைப்படுகிறவர்களை அவர் லேசில் விடுவதில்லை.

பழகுவதற்கென்றே அவர் ஒரு பழைய வண்டி வைத்திருக்கிறார். அதன் வாலில் ஒரு குட்டைக் கம்பி பற்றவைத்திருக்கிறது. கடிகாரத்தில் பன்னிரண்டு மணி முள் மாதிரி வண்டி செங்குத்தாக நிமிர்ந்தால், இந்தக் கம்பி தரையில் உராய்ந்து, வண்டி மல்லாந்து போகாமல் தடுத்துவிடும். ஓட்டுகிறவனின் மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் மறு நுனி எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்சில் இருக்கிறது. ஆள் விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட், முதுகுக் கவசம், முழங்கால் கவசம், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் இவற்றில் எது குறைந்தாலும் அன்றைக்குப் பாடம் இல்லை. செருப்புக் காலுடன் வந்த ஒரு கனவான் வீட்டுப் பிள்ளையை நம் கண்ணெதிரே திருப்பி அனுப்பினார்.

இறங்கும்போது ஹாண்டில் நேராக இருக்க வேண்டும். கோணலாக இறங்கினால் தரையைத் தொட்ட கணத்தில் முன் சக்கரம் வெட்டி உதறும். முன் பிரேக்கின் மேல் விரலே இருக்கக் கூடாது. சுழலாமல் நின்ற சக்கரம் தரையில் இறங்கினால் வழுக்கிவிடும். பின்னால் இன்னொருவரை ஏற்றிக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை.

"தம்பி, இவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் பையன்களுக்கு உற்சாகம் குன்றிவிடாதா?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு, "நீங்களே ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள், ஸார்" என்றார். நாற்பத்தாறு வயதில், இளந்தொந்தியுடன், கவசங்களுக்குள் நம்மைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தோம். முன் சக்கரம் தரையிலிருந்து விலகியது அதிகமாகப் போனால் ஒரு சாண். நமக்கென்னவோ கோபுரத்தின் கலசத்திலிருந்து கீழே பார்ப்பது போலிருந்தது. கால் பிரேக்கை அழுத்தியதா என்பது நினைவில்லை. "அழுத்தவில்லை, ஸார், தானாக இறங்கிற்று" என்றார் மெக்கானிக், சிறிதும் தாட்சணியம் இல்லாமல்.

முரட்டுப் பலத்தால் சாதிக்கிற வித்தை அன்று இது. அமெரிக்காவில் டக் டொமோகோஸ் என்பவர் 1984-ம் வருஷம் அலபாமா மாகாணத்து டல்லடேகா பந்தயத் தடத்தில் ஒற்றைச் சக்கரத்திலேயே 145 மைல் ஓட்டினார். முன் சக்கரம் கீழே இறங்கியது களைப்பினால் அல்ல, பெட்ரோல் தீர்ந்துபோனதால்! அதற்கு ஏழு வருஷம் கழித்து, 1991-ல், ஜப்பானியரான யஸுயுகி கூடோ 331 கிலோமீட்டர் ஓட்டி அதை மிஞ்சினார். அவர் ஏறிய ஹோண்டா வண்டி 220 ஸி.ஸி. வகுப்பைச் சேர்ந்தது, பாறையிலும் சரிவிலும் மெல்ல ஏறும் போட்டிகளுக்கென்று செய்த இலேசான வண்டி. சமநிலையில் நிறுத்தத் தெரிந்தவனுக்குச் சொற்பச் சக்தி போதும். கடைவீதியில் காது செவிடுபட எஞ்சினை உறுமவிடும் நம் இளைஞர்கள் இதைக் கவனிக்கலாம். இருவரும் ஓட்டியது எதிரே வண்டியோ ஆளோ வராத மூடிய தடத்தில் என்பதையும் கவனிக்கலாம்.

ஊர்ச் சாலையில் எத்தனை தேர்ந்தவன் செய்தாலும் இது வித்தையல்ல. முன் சக்கரம் மேலே இருக்கும்போது ஹாண்டிலைத் திருப்பிப் பயனில்லை. எதிரிலுள்ள பள்ளமும் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தை குறுக்கே ஓடினால் என்ன செய்வது? 2023 செப்டம்பரில் காஞ்சீபுரத்துக்கு அருகே, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், யூடியூபில் பல லட்சம் ரசிகர்களைச் சேர்த்திருந்த வாலிபர் ஒருவர் வீலிங் செய்து விழுந்தார். கை முறிந்தது, கைதானார், லைசென்ஸ் பத்து வருஷத்துக்கு ரத்தாயிற்று. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, 2019-ல் திருத்தியபடி, அபாயகரமாக ஓட்டுகிறவருக்கு முதல் தடவையே ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டையும் விதிக்க இடம் தருகிறது.

பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கிற தகப்பனார்கள் 199-ஏ பிரிவையும் ஒரு முறை படிப்பது நல்லது. பிள்ளை குற்றம் செய்தால், தமக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தாலொழிய, அவர்களுக்கே மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது.

கட்டுப் பிரித்து மூன்று மாதம் சென்றபின், நம் மாணவனை அந்த மில் தளத்துக்கு அழைத்துப் போனோம். இதற்கு அவன் தாயார் சம்மதித்தது எப்படி என்று நேயர்கள் கேட்கலாம். "வேண்டாமென்றால் ராத்திரி பைபாஸுக்குத்தான் போவான், ஸார்; என் கண் முன்னால் நடக்கட்டும்" என்று சொல்லித் தாமும் கூடவே கிளம்பிவிட்டார். பையன் தன் வீரத்தைக் காட்ட நினைத்து வந்தான். மெக்கானிக் அவனைப் பழைய வண்டியில் உட்காரவைத்து, நடை வேகத்தில் போகச் சொல்லி, "பின் பிரேக், ஐம்பது தடவை" என்றார்.

முப்பத்தொன்றாவது தடவையில் பையனுடைய கால் பிரேக்கை விட்டு நகர்ந்தது. மெக்கானிக் அந்தச் சமயம் வேறொரு வண்டியின் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாமும் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடலாம் என்றுதான் எண்ணினோம். ஆனால் சுவர் ஓரத்து நிழலில், மடியில் கூஜாவுடன் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் எழுந்து நின்று, மில் முழுவதும் எதிரொலிக்கும்படி, "ஒன்று!" என்றார்.