முன் ரயர்கள் சீரின்றித் தேய்வது ஏன்?

வாகனத்தைத் திருப்பும் வேலையும், பிரேக் பிடிக்கும்போது எழும் பாரத்தின் பெரும்பகுதியும் முன் சில்லுகளையே சாரும். பல கார்களில் எஞ்சினின் விசையும் அவற்றுக்கே செல்கிறது. ஆகவே முன் ரயர்கள் பின் ரயர்களைவிட விரைவாகத் தேய்வது இயல்பு. எனினும் அத்தேய்வு ரயரின் அகலம் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் இருத்தல் வேண்டும். ஓரிடம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருப்பின் அது வேறொரு குறையின் அடையாளமாகும். அக்குறையை நீக்காது புதிய ரயரைப் பூட்டினால், அதுவும் அவ்வாறே தேயும்.

சோதிக்கும் முறை

வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, ஸ்ரியறிங்கை ஒரு பக்கமாக முழுமையாகத் திருப்புக. வழமையாகக் கண்ணிற்படாத உள்விளிம்பு அப்போது தெரியும். பின்னர் மறுபக்கம் திருப்பி மற்ற ரயரையும் பார்க்க. 20 பென்ஸ் நாணயத்தை ரயரின் பள்ளத்தில் செருகும்போது நாணயத்தின் விளிம்புப் பட்டை வெளியே தெரிந்தால், பள்ளத்தின் ஆழம் போதாமலிருக்கக்கூடும். அதனைக் கராஜில் அளப்பிக்க வேண்டும். உள்விளிம்பு, நடுப்பகுதி, வெளிவிளிம்பு ஆகிய மூன்றையும் ரயரைச் சுற்றிப் பல இடங்களில் சோதிப்பது அவசியம்.

தேய்வு உணர்த்தும் காரணங்கள்

• இரு விளிம்புகளும் தேய்ந்திருத்தல்: காற்றழுத்தம் குறைவு.

• நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருத்தல்: காற்றழுத்தம் அதிகம். உரிய அளவு பெரும்பாலும் சாரதியின் கதவோரத்திலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ குறிக்கப்பட்டிருக்கும். ரயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும்.

• ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருத்தல்: சில்லின் கோணம் பிசகியுள்ளது. வீல் எலைன்மென்ட் செய்வித்து, திருத்தத்திற்கு முன்னும் பின்னுமான அளவீடுகளைத் தாளில் கேட்டுப் பெறுக.

• கையால் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் அரம்போன்றும் இருத்தல்: இதற்கும் பெரும்பாலும் எலைன்மென்ட் பிசகே காரணம்.

• ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருத்தல்: ஷொக் அப்சோபர் பழுதடைந்திருக்கலாம், அல்லது சில்லு சமநிலை இழந்திருக்கலாம்.

சட்டம் கூறுவது

காரொன்றின் ரயரில், அகலத்தின் நடு முக்காற்பங்கில், சுற்றளவு முழுவதும் குறைந்தது 1.6 மில்லிமீற்றர் ஆழம் இருத்தல் வேண்டும். விளிம்போரம் இவ்வளவீட்டுக்குள் அடங்காது என்பதால் அங்கே எவ்வளவும் தேயலாம் எனக் கருதலாகாது. உள்ளிருக்கும் இழை எவ்விடத்தில் வெளித்தெரிந்தாலும் அது குற்றமே. குறைபாடுள்ள ஒவ்வொரு ரயருக்கும் 2,500 பவுண் வரை தண்டமும் 3 தண்டப்புள்ளிகளும் விதிக்கப்படலாம். சாரதிப் பரீட்சையில் சித்தியடைந்து இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் இரத்தாகும். எழுத்துப் பரீட்சையிலும் செய்முறைப் பரீட்சையிலும் மீண்டும் சித்தியடைய நேரிடும். எம்.ஓ.ரி. சான்றிதழ் சோதனை நாளின் நிலையை மாத்திரமே காட்டும். பின்னர் தேய்ந்த ரயருக்கு அது விலக்களிக்காது.

வீதிக்குழியால் சேதம் நேர்ந்தால்

ஆழமான குழியில் இறங்கியபின் வாகனம் ஒரு பக்கம் இழுத்தாலோ, நேர்பாதையில் ஸ்ரியறிங் கோணலாக நின்றாலோ, தேய்வு தொடங்கும்வரை காத்திராது எலைன்மென்டைச் சோதிப்பிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1980 ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 41 ஆம் பிரிவு, பொது வீதிகளைப் பேணும் கடமையை வீதி அதிகாரசபைமீது சுமத்துகிறது. உள்ளூர் வீதிகள் பெரும்பாலும் கவுன்சிலின் பொறுப்பிலும், மோட்டார் நெடுஞ்சாலைகள் தேசிய நெடுஞ்சாலை நிறுவனத்தின் பொறுப்பிலும் உள்ளன. இழப்பீடு கோரலாம், எனினும் நியாயமான கவனத்துடன் வீதியைப் பேணியதாக அதிகாரசபை நிரூபித்தால், 58 ஆம் பிரிவின்கீழ் கோரிக்கை தோல்வியடையும்.

ஆகையால் இடம், திகதி, நேரம், பாதுகாப்பாக எடுத்த புகைப்படங்கள், சேதத்திற்கான காரணத்தைக் கூறும் கராஜின் எழுத்துமூல அறிக்கை, பற்றுச்சீட்டு ஆகியவற்றைப் பேணி வைத்திருத்தல் வேண்டும். பல மாதங்கள் கழித்துத் தென்படும் தேய்வை ஒரு குறிப்பிட்ட குழியுடன் தொடர்புபடுத்தி நிரூபிப்பது கடினம். குழியை உடனே அறிவிப்பது பிறருக்கு நேரக்கூடிய சேதத்தையும் தவிர்க்க உதவும்.