மூக்கின்மேல் ஓவியம்

மூக்குக் கண்ணாடி அணியும் நண்பர்களுக்குப் பல்கலைக்கழகம் பட்டம் அளிப்பதற்கு வெகுகாலம் முன்னரே "சோடாபுட்டி" என்னும் பட்டம் கிடைத்துவிடுகிறது. எனக்கு அது ஒன்பதாம் வகுப்பில் கிடைத்தது. அப்பட்டத்தைத் துறக்க எண்ணி, கல்லூரியில் சேர்ந்த ஆண்டு ஊர்க் கடையொன்றில் அகன்று கோணங்கோணமாய் அமைந்த சட்டகம் ஒன்றை வாங்கினேன். பிக்காசோ தீட்டிய முகம்போல் புதுமையாகத் தோன்றுவேன் என்பது என் கனவு. கைக்கு வந்ததோ, விளிம்பு எட்டு மில்லிமீட்டர் தடித்த இரண்டு பிளாஸ்டிக் கட்டிகள்! அப்பா சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். மாற்ற வழியின்றி மூன்றாண்டுகள் அதனையே சுமந்தேன்.

இப்பொழுது "கியூபிசம்", "ஆர்ட் டெகோ" என்று கலை இயக்கங்களின் பெயரைச் சூட்டியே சட்டகங்களை விற்கிறார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் தம்பியர் சிலர், "அண்ணா, எதை எடுப்பது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதனை எழுதலானேன்.

கண்ணாடி அணிகலனாக மாறிய கதைக்கு நாம் வாழும் எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே ஒரு சான்று உண்டு. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் தலைமையகம் இங்கே வீரசந்திராவில் இருக்கிறது. ஓசூரில் கைக்கடிகாரம் செய்து புகழ் பெற்ற அந்நிறுவனம் 2007இல் கண்ணாடித் தொழிலிலும் புகுந்தது. மணி பார்க்கும் கருவியை அழகுப் பொருளாக விற்கக் கற்றவர்கள், கண்ணாடியையும் அவ்வாறே விற்க வந்ததில் வியப்பில்லை.

ஆனால் இந்த மாற்றத்திற்கு முன்பே வழிகாட்டியவர் ஒரு பெண்மணி. நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்டினா ஷினாசி, ஜார்ஜ் கிராஸ் என்னும் ஜெர்மானிய ஓவியரிடம் பயின்றவர். கடைகளின் காட்சிச் சாளரங்களை அழகுசெய்யும் வேலையில் சால்வடார் டாலியோடு பழகியவர். 1930களில் ஒருநாள் கண்ணாடிக் கடையொன்றின் சாளரத்தைப் பார்த்தார். அத்தனையும் அழகற்ற சட்டகங்கள்! பெண்கள் விரும்பி அணிய ஒன்றுகூட இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. வெனிஸ் நகரத் திருவிழாவில் அணியும் ஹார்லெக்வின் முகமூடியை நினைத்து, ஓரங்கள் மேல்நோக்கி எழும் வடிவத்தைக் காகிதத்தில் வெட்டினார். உற்பத்தியாளர்கள் அதனை ஏற்க மறுத்தார்கள். கடைக்காரர் ஒருவர் துணிந்து வாங்கினார். 1939இல் அதற்கு லார்ட் அண்டு டெய்லர் பரிசு கிடைத்தது. பூனைக்கண் கண்ணாடி என்று பின்னர் உலகெங்கும் பரவிய வடிவத்திற்கு இதுவே முன்னோடி.

சரி, அழகைக் கண்டோம். இனிக் கணக்கைப் பார்ப்போம். கிட்டப்பார்வைக்குரிய வில்லை நடுவில் மெல்லியது, ஓரத்தில் தடித்தது. நடுவிலிருந்து விலக விலக, அத்தூரத்தின் இருமடிக்கு ஏற்பத் தடிப்பு ஏறுகிறது. வில்லையின் ஒளிமையம் நம் கண்மணிக்கு நேரே நிற்கவேண்டும் என்பதை மறக்கலாகாது. என் பவர் மைனஸ் 6. கண்மணிகளுக்கு இடைத்தூரம் 62 மில்லிமீட்டர். நான் வாங்கிய சட்டகத்தின் காதுக்கம்பியில் 54, 18 என்று அச்சிட்டிருந்தது. முன்னது வில்லையின் அகலம், பின்னது மூக்குப்பாலம். இரண்டையும் கூட்டினால் 72. ஆகவே ஒவ்வொரு வில்லையின் மையமும் 5 மில்லிமீட்டர் மூக்குப்பக்கம் நகர, வெளி விளிம்பு மையத்திலிருந்து 32 மில்லிமீட்டர் தள்ளிப் போயிற்று. சாதாரண பிளாஸ்டிக்கில் அங்கே வளைவினால் கூடும் தடிப்பு 6.1. நடுத்தடிப்பு 2ஐச் சேர்த்தால் எட்டு! 42, 20 என்னும் சிறிய வட்டச் சட்டகமாயின் கூட்டுத்தொகை சரியாக 62. மையம் நகரவே வேண்டாம். விளிம்பு 21 மில்லிமீட்டரிலேயே முடிகிறது. கூடும் தடிப்பு 2.6 மட்டுமே.

"அதிக விலைக்கு மெல்லிய வில்லை போட்டால் தீர்ந்தது" என்பார்கள். 1.67 ஒளிவிலகல் எண்ணுள்ள வில்லையைப் பழைய சட்டகத்தில் மாட்டினாலும் கூடும் தடிப்பு 4.6. சிறிய வட்டத்தில் மாட்டிய மலிவு வில்லையை அது வெல்லவில்லை, பாருங்கள்!

கியூபிசப் பாணிச் சட்டகத்தின் குறை இப்பொழுது விளங்கும். முகத்தைத் தளந்தளமாய் உடைத்துக் காட்டியது பிக்காசோவும் பிராக்கும் கண்ட புதுமை. ஆனால் சட்டகத்தில் நீட்டிய மூலைதான் மையத்திற்கு மிகத் தொலைவு, ஆதலின் மிகத் தடிப்பு. பவர் இரண்டுக்குள் உள்ளவர்கள் தாராளமாக எடுக்கலாம். ஆர்ட் டெகோவும் அவர்களுக்கே ஏற்றது. சென்னைப் பாரிமுனையில் 1940இல் எழுந்த டேர் ஹவுஸைப் பார்த்தவர்க்கு அதன் நேர்த்தியான கோடுகள் நினைவிருக்கும்; அந்தப் பாணியின் மெல்லிய உலோக விளிம்பு தடித்த வில்லையை மறைக்காது.

எம்போன்றோர்க்குத் துணை லெ கொர்பூசியே. 1951 முதல் இந்தியா வந்து சண்டிகாரைத் திட்டமிட்ட அவர், 1918இல் ஓசாம்ஃபான் என்னும் ஓவியருடன் பியூரிசம் என்ற இயக்கத்தைத் தொடங்கியவர். புட்டி, குவளை போன்ற அன்றாடப் பொருள்கள் பயன்பாட்டினாலேயே செம்மையுற்ற வடிவங்கள். அவற்றில் அழகு உண்டு என்பது அவர்கள் கொள்கை. அவர் அணிந்ததும் தடித்த கறுப்பு வட்டக் கண்ணாடியே. வட்டம் விளிம்பைக் குறைக்கும். எஞ்சியதைத் தடித்த சட்டகம் மறைக்கும். வண்ணம் வேண்டுவோர்க்கு 1981இல் மிலானில் தோன்றிய மெம்பிஸ் குழுவின் பாணி இருக்கிறது. அதனை நிறுவிய சொட்சாஸ் 1961இல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர். அக்குழுவின் பட்டைகளைக் காணும்போது எனக்கு நம் கோயில் மதிலின் காவியும் வெள்ளையுமே நினைவுக்கு வருகின்றன.

கடைக்குப் போகும்போது சீட்டில் பவரோடு கண்மணி இடைத்தூரத்தையும் குறித்து வாங்கிச் செல்லுங்கள். சட்டகத்தின் இரண்டு எண்களைக் கூட்டிப் பாருங்கள். சுவை அதற்குப் பிறகு.

சென்ற பொங்கலுக்கு 42, 20 கறுப்பு வட்டத்தோடு தருமபுரி போனேன். கொர்பூசியேயைப் பற்றி அம்மாவிடம் விரிவாக எடுத்துரைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க தாத்தா கண்ணாடி மாதிரியே இருக்குடா" என்றார்.