பழைய கணினிக்குப் புதிய விசைப்பலகை

பிரித்தானியாவின் சின்க்ளேயர் நிறுவனம் 1982ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இஸட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியை அறிமுகப்படுத்தியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவற்றுட் பல இயங்கும் நிலையிலேயே உள்ளன. ஆயினும், இறப்பர் விசைகளின் கீழுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள் காலப்போக்கில் உலர்ந்து, அதன் பட்டி போன்ற நுனிகள் வெடித்து விடுகின்றன. அக்காலத்தவர் தம் ஆக்கங்களை ஒலிநாடாக்களிலேயே சேமித்தனர். அவற்றைக் கணினிக்குள் ஏற்றுவதற்கும் கட்டளையொன்றைத் தட்டச்சுச் செய்தாக வேண்டும். எனவே, விசைப்பலகை பழுதடைந்தால் நாடாவில் உள்ளவையும் பூட்டிய பெட்டிக்குள் அகப்பட்ட பொருளாகிவிடும்.

இன்றைய விசைப்பலகையை அதனுடன் இணைத்துவிட முடியாதா என்ற கேள்வி இயல்பாகவே எழும். முடியும், ஆனால் நேரடியாக அல்ல. செருகிகள் பொருந்தாமை சிறிய தடையே. இரண்டும் வெவ்வேறு மொழி பேசுகின்றன என்பதே பெரிய தடையாகும்.

ஸ்பெக்ட்ரத்தின் விசைப்பலகைக்குச் சுயமான அறிவு கிடையாது. எட்டுக் கம்பிகளும் ஐந்து கம்பிகளும் குறுக்கிடும் 40 சந்திகளில் 40 விசைகள் அமைந்துள்ளன. ஒரு விசையை அழுத்தும்போது உரிய சந்தியில் இரு கம்பிகளும் தொடுகின்றன. கணினி செக்கனுக்கு 50 தடவைகள் இச்சந்திகளைத் தானே பார்வையிட்டு, எது தொட்டிருக்கிறது என அறிந்துகொள்கிறது.

இன்றைய யூ.எஸ்.பி. விசைப்பலகையினுள்ளோ சிறு செயலி ஒன்று உள்ளது. அது விசைகளை எண்களாக மாற்றி அனுப்புகிறது. அதுவும் மறுபக்கத்திலுள்ள சாதனம் கேட்டால் மாத்திரமே. அதற்கு முந்திய பி.எஸ்.2 வகை விசைப்பலகை கேளாமலே தன் எண்களை அனுப்பிவிடும். அதனால், இவ்வேலைக்கு அதுவே இலகுவானது.

ஆகவே, இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் அவசியமாகிறார். நுண்கட்டுப்படுத்தி எனப்படும் மலிவான சில்லு அப்பணியைச் செய்கிறது. எனினும், கணினி ஒரு வரிசையைப் பார்வையிடும் அந்தக் கணப்பொழுதுக்குள் பதிலளிக்கும் வேகம் எளிய சில்லுகளுக்குப் போதாது. இதனால் எம்.ரி.8808 போன்ற, 64 ஆளிகளைக் கொண்ட மற்றொரு சில்லும் சேர்க்கப்படுகிறது. விசை அழுத்தப்பட்டதும் உரிய ஆளி மூடப்படும்; விடுபட்டதும் திறக்கப்படும். தன் சொந்த விசையே அழுத்தப்பட்டதாகக் கணினி எண்ணிக்கொள்கிறது. அதன் மென்பொருளில் எந்த மாற்றமும் வேண்டியதில்லை.

பழைய பலகையில் இல்லாத விசைகளையும் கவனிக்க வேண்டும். காற்புள்ளிக்கெனத் தனி விசை அதில் இல்லை. சிம்பல் ஷிப்ட் விசையுடன் என் விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். எழுத்தை அழிப்பதற்கு கப்ஸ் ஷிப்டுடன் பூச்சிய விசை. புதிய பலகையில் ஒன்றை அழுத்தும்போது, நுண்கட்டுப்படுத்தி இரண்டு ஆளிகளை மூடிவிட வேண்டும்.

ஸ்பெக்ட்ரத்தின் சுற்றுகள் 5 வோல்ற்றில் இயங்குபவை. புதிய நுண்கட்டுப்படுத்திகள் பல 3.3 வோல்ற்றுக்கு உரியவை. இவ்வேறுபாட்டைக் கருதாது இணைப்பவர், தாம் காக்க முனைந்ததையே பழுதாக்கக்கூடும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே கை வைத்தலும், பலகையை வெட்டாது ஏற்கெனவேயுள்ள பொருத்திகளையே பயன்படுத்தலும் நன்று. புதிய பிளாஸ்டிக் தாள்களும் இன்று தயாரிக்கப்படுவதால், பழைய விசைகளையே விரும்புவோருக்கும் வழியுண்டு. எவ்வழியாயினும், பின்னர் விரும்பினால் பழைய நிலைக்கே மீட்கக்கூடியதாக இருப்பதே சிறந்த திருத்தமாகும்.