உத்தியோகமும் ஊக்கமும்

தருமபுரி என்றதும் தகடூரும் அதியமானும் ஔவையும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. அம்மண்ணுக்கு வேறொரு வரலாறும் உண்டு. உழைப்பவன் ஏன் ஊக்கம் இழக்கிறான் என்று பின்னாளில் ஆராய்ந்து விடை கண்ட ஒருவர், தம் இளமையில் ஏழாண்டுகள் நிருவாகம் பயின்ற நிலம் அது. அவர் பெயர் தாமஸ் மன்றோ. அவர் கண்ட விடையைப் பற்றி மாணவ நண்பர்களாகிய உங்களோடு பேச விரும்புகிறேன்.

1792-இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால், தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியார் வசமாயிற்று. அதன் வரி நிருவாகத்தை யாரிடம் ஒப்படைப்பது? சென்னையிலிருந்த சிவில் உத்தியோகஸ்தருள் நாட்டு மொழி அறிந்தோர் அரியர். ஆதலின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், காப்டன் அலெக்சாண்டர் ரீடு என்னும் படைத்துறையினரைத் தலைவராக்கி, மன்றோ உள்ளிட்ட மூவரைத் துணைவராக நியமித்தார். 1780-இல் படையிற் சேர்ந்த மன்றோ, பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் லெப்டினண்டாகவே இருந்தார். அக்காலப் படையில் பதவி உயர்வு மூப்பைப் பொறுத்தது. திறமை காத்துக்கிடக்க வேண்டியதுதான். மொழியறிவு அவருக்கு வேறொரு வாயிலைத் திறந்தது.

அவரோடு ஊர் ஊராய்ச் சென்று கணக்கெடுத்த இந்திய ஊழியருக்கு அத்தகைய வாயில் இருந்ததா? இல்லை. 1793-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டமும் காரன்வாலிஸ் வகுத்த முறையும் உயர்பதவிகளைக் கும்பினியின் ஆங்கில ஊழியருக்கே உரியனவாக்கின. இதில் ஒரு விந்தை உண்டு. முன்னர் அந்த ஆங்கில ஊழியரும் சொற்பச் சம்பளம் பெற்று, சொந்த வாணிகத்தாலும் கையூட்டாலும் பொருள் சேர்த்தவர்களே. காரன்வாலிஸ் அந்நோய்க்குக் கண்ட மருந்து, சம்பளத்தை உயர்த்துவது. அதே நோய் இந்தியரிடம் காணப்பட்டபோதோ, அது பிறவிக் குணம் என்று தீர்ப்பளித்துக் கதவை அடைத்தார்கள்.

சென்னைக் கவர்னராயிருந்த மன்றோ, 1824 டிசம்பர் 31-இல் எழுதிய நீண்ட குறிப்பில் இத்தீர்ப்பை மறுத்தார். உயர்ந்த பதவியை எட்டும் வழியே இல்லாதவனுக்குக் கல்வியிலும் ஒழுக்கத்திலும் முன்னேறத் தூண்டுதல் ஏது? பிரிட்டனையே அந்நியர் பிடித்து அம்மக்களைப் பதவிகளினின்றும் விலக்கினால், ஓரிரு தலைமுறையில் அவர்களும் தாழ்ந்த மனத்தினராவர் என்பது அவர் வாதம். காரியத்தைக் காரணமாகக் கொண்ட பிழையை அவர் சுட்டிக்காட்டினார். எனினும், ஆங்கிலேயர் மேலாட்சி நீடிக்கவேண்டும் என்று கருதியவரே அவர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1833-ஆம் ஆண்டுச் சட்டம் மதமோ நிறமோ பதவிக்குத் தடையன்று என அறிவித்தது. ஆயினும் சிவில் சர்வீஸ் தேர்வில் முதல் இந்தியராகச் சத்தியேந்திரநாத் தாகூர் தேறியது 1863-இல்தான். மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்கரிடம் வேலை பார்த்த முத்துசாமி ஐயர், சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். அவரைப்போன்ற ஆற்றலுடையோர் எத்தனை பேர் கணக்கராகவே முடிந்தார்களோ!

இன்று அடைப்பது அந்நியன் அல்லன். நானும் ஓர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன். அங்கே கோப்புகளை விரைந்து முடித்தவருக்கு மேலும் கோப்புகளே பரிசாகக் கிடைத்தன. முடிக்காதவருக்கு ஓய்வு கிடைத்தது. இரண்டாம் ஆண்டில் எல்லோரும் ஒரே வேகத்தில் நடக்கக் கற்றுக்கொண்டோம். மேலதிகாரியோ எங்களைச் சோம்பர் என்றார்.

ஊழியன் நேர்மை தவறுவதற்கு இதனை நான் நியாயமாகக் கூறவில்லை. ஊக்கமின்மையைக் கண்டால் ஊழியனை மட்டுமன்றி அமைப்பையும் ஆராய வேண்டும் என்றே கூறுகிறேன். உங்களுள் சிலர் நாளை பிறரை ஏவும் இடத்தில் அமர்வீர்கள். அப்போது உங்கள் கீழ் உள்ளவர் சோர்ந்திருக்கக் கண்டால், அவரைக் கடிந்துகொள்ளுமுன், அவர் நன்றாக உழைத்தால் அடையக்கூடிய அடுத்த படி எது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால், அதை அமைப்பதே உங்கள் முதல் வேலை.