குமிழைத் திருகும் முன் எடை மேடைக்கு

திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து 1998-இல் மிட்சுபிஷி லான்சர் வெளிவரத் தொடங்கியது. 2006-இல் அதே ஆலை லான்சர் சீடியாவைக் கொடுத்தது. பின்சக்கரங்களுக்கு மல்டி-லிங்க் அமைப்பு கொண்ட அந்தக் காரை ராலி ஓட்டுநர்கள் உடனே கவனித்தார்கள். எம்.ஆர்.எஃப். அணியின் சீடியாக்கள் தேசிய ராலிகளில் புழுதி கிளப்பியது பலருக்கு நினைவிருக்கும். நமக்கு வராமலே போனது அந்தக் குடும்பத்தின் இன்னொரு பிள்ளை. 2005-இல் ஜப்பானில் மிட்சுபிஷி, லான்சர் வேகனின் பின்னுடலை எவல்யூஷன் 9 காரின் அடித்தளத்தோடு சேர்த்துப் பற்றவைத்து, 280 குதிரைத்திறனும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட ஒரு ஸ்டேஷன் வேகனைக் குறைந்த எண்ணிக்கையில் விற்றது. பந்தயக் காரின் ஓட்டமும் குடும்பத்தின் மூட்டை முடிச்சும் ஒரே கூரைக்குக் கீழ்!

ஸ்டேஷன் வேகன்களே நம் நாட்டில் குறைவுதான். 1992-இன் டாட்டா எஸ்டேட், பிறகு மாருதி பலேனோ ஆல்டுரா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி, 2015-இல் ஆடி ஆர்.எஸ்.6 அவான்ட் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் கிடைத்ததைப் போற்றி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஒரு கட்டத்தில் வரும் ஆசை, உயரமும் இறுக்கமும் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன் போடுவது. காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகக் கோத்து, திருகுமரை வெட்டிய உருளையோடு வரும் அந்த அமைப்பைக் கடைக்காரர்கள் காயில்ஓவர் என்பார்கள். பெட்டியைத் திறந்ததும் கண்ணைக் கவர்வது, ஷாக்கின் இறுக்கத்தை மாற்ற மேலே இருக்கும் குமிழ்தான். ஆனால் வேகனைப் பொறுத்தவரை தீர்மானம் ஸ்பிரிங்கில் இருக்கிறது. சரியான ஸ்பிரிங்கைச் சொல்வது எடை.

செடான் காரிலும் டிக்கி உண்டு. அதில் இரண்டு பெட்டி வைத்தால் இடம் முடிந்தது. வேகனில் பின்சீட்டை மடித்தால் கூரை வரை ஏற்றலாம். அத்தனையும் பின் அச்சின் மேலோ அதற்கும் பின்னாலோ உட்காருகிறது. காலையில் ஓட்டுநர் மட்டும் போகும் வண்டி, மாலையில் 300 கிலோ கூடுதலாகச் சுமந்து வரும். இந்த இரண்டு நிலைக்கும் ஒரே ஸ்பிரிங் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே வேலையைச் செய்வதாகப் பலரும் நினைக்கிறார்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங் மட்டுமே. மேட்டில் ஏறும்போது அது சக்தியை வாங்கி வைத்துக்கொண்டு, அப்படியே திருப்பித் தந்துவிடும். தடுக்க ஆளில்லாவிட்டால் வண்டி மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக். அதன் உள்ளே எண்ணெய் இருக்கிறது. பிஸ்டன் நகரும்போது அந்த எண்ணெய் சிறு துளைகள் வழியாகவும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய எஃகு வட்டுகளை வளைத்துக்கொண்டும் பிதுங்கி வெளியேறியாக வேண்டும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் பாதி மூடிக்கொண்டு அடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த எதிர்ப்பு புரியும். மெதுவாக அழுத்தினால் சும்மா போகும், வேகமாக அழுத்தினால் கை வலிக்கும். ஆட்டத்தின் சக்தி எண்ணெயில் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. குமிழைத் திருகும்போது மாறுவது அந்தத் துளையின் அகலம்தான். நிற்கும் வண்டியின் எடையைத் தாங்குவதில் குமிழுக்குப் பங்கே இல்லை.

ஆகவே கடைக்குப் போகும் முன் எடை பார்க்க வேண்டும். சென்னைக்கு வடக்கே கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டிப் பகுதியில் அதற்குப் பஞ்சமில்லை. இரும்பு ஏற்றும் லாரிகளுக்கான எடை மேடைகள் இருக்கின்றன. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, "அண்ணே, முன் வீல் தனியா, பின் வீல் தனியா ஒரு வெயிட் போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள். முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு. பிறகு முழு வண்டிக்கு ஒன்று. கடைசியாக முன்சக்கரங்களை இறக்கிவிட்டுப் பின்சக்கரங்களுக்கு ஒன்று. முன்னும் பின்னும் கூட்டினால் முழு எடைக்கு நெருங்கி வர வேண்டும். லாரி மேடை ஐந்து, பத்து கிலோ படியில்தான் காட்டும் என்பதால் சிறு வித்தியாசம் இருக்கலாம், பாதகமில்லை. இதையே வழக்கமாக ஏற்றும் சாமான்களோடு இன்னொரு முறை செய்தால், கணக்குக்கு வேண்டிய எல்லாம் கையில் வந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலி வண்டியில் பின்பக்கம் ஒரு சக்கரத்தின் மேல் ஸ்பிரிங் தாங்கும் எடை 350 கிலோ என்று கொள்வோம். சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு மில்லிமீட்டருக்கு 3.5 கிலோ. இந்த மூலை நொடிக்கு 1.6 முறை ஆடும் இயல்புடையது. சாதாரணக் குடும்பக் கார்கள் ஏறக்குறைய 1 முதல் 1.5 வரை, வேகத்துக்கென்று இறுக்கியவை 1.5 முதல் 2 வரை இருக்கும். ஆக இது நல்ல இடம். இப்போது பின்னால் 300 கிலோ ஏற்றினால் மூலைக்கு 150 கிலோ. வண்டி 43 மில்லிமீட்டர் கீழே அமரும், ஆட்டம் நொடிக்கு 1.3 ஆகக் குறையும். சரி, இன்னும் விறைப்பாக, சக்கரத்தில் 5 கிலோ தரும் ஸ்பிரிங் போடலாமே? அப்போது 30 மில்லிமீட்டர்தான் அமரும், சுமையோடு 1.6 கிடைக்கும். ஆனால் சாமானை இறக்கியதும் காலி வண்டி 1.9-க்குப் போய்விடும். ஒவ்வொரு ஒட்டுப்போட்ட பள்ளமும் முதுகெலும்பில் எண்ணப்படும். அதைவிட மோசம், பின்பக்கம் அளவுக்கு மீறி விறைப்பானால் மழைச் சாலையில் வளைவின் நடுவே வால் வழுக்கும்.

இரண்டு நிலைக்கும் நடுவே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் வேகன்காரர் எடுக்க வேண்டிய முடிவு. வாரம் முழுக்கக் காலியாக ஓடும் வண்டிக்குக் காலி எடையை ஒட்டியே ஸ்பிரிங் எடுங்கள் என்பேன். சுமை ஏற்றும் நாளில் மட்டும் உயரத்தையும் குமிழையும் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு பள்ளம் உண்டு, தேர்ந்த மெக்கானிக்குகளே சறுக்கும் இடம். ஸ்பிரிங்கின் மேல் அச்சிட்டிருக்கும் விறைப்பு சக்கரத்துக்கு அப்படியே போய்ச் சேராது. பல மல்டி-லிங்க் அமைப்புகளில் ஸ்பிரிங் கீழ்க்கையின் (லோயர் ஆர்ம்) நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கும். சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறினால் ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர்தான் அமுங்கும் என்றால், அந்த 0.7-ஐ இரண்டு முறை பெருக்க வேண்டும். 7 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் ஏறக்குறைய 3.4 கிலோவாகத்தான் தெரியும். முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட்டில் இந்த இழப்பு மிகக் குறைவு. முன்னும் பின்னும் ஒரே எண் அச்சிட்ட ஸ்பிரிங்குகளைப் பார்த்து "சமமாக இருக்கிறது" என்று வாங்குவது இதனால்தான் தவறாகப் போகிறது.

எடையைப் போலவே சாலையையும் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து வடக்கே போகும் ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அங்கே இருந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறும் முன் பல்லாண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. விமானம் இறங்கப் போட்ட தளம், அகலம், சமதளம். அப்படிப்பட்ட தரையில் காரைத் தாழ்த்தி, ஸ்பிரிங்கை விறைக்கவைத்தால் நேரம் மிச்சமாகும். அதே சாலையில் இன்னும் வடக்கே வந்து, கவரைப்பேட்டையில் சர்வீஸ் ரோட்டில் இறங்கினால் நிலைமை வேறு. கனரக லாரிகள் உழுத தார், பெயிண்ட் அழிந்த வேகத்தடை, மழை நின்றும் வற்றாத குழி. பந்தயத் தளத்துக்குப் பிறந்த சஸ்பென்ஷன் இங்கே பயணத்தின் முனையில் உள்ள ரப்பர் தடுப்பில் போய் இடித்துக்கொண்டே இருக்கும்.

தாழ்த்துவதில் இன்னொரு தீங்கும் ஒளிந்திருக்கிறது. மெக்பர்சன் அமைப்பில் வண்டியை 40, 50 மில்லிமீட்டர் இறக்கினால், கீழ்க்கைகளின் உள்முனை தாழ்ந்து வெளிமுனை மேலே நிற்கும். வளைவில் வண்டி சாய்வதைத் தீர்மானிக்கும் கற்பனைப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். தாழ்ந்த கார் அழகாகத் தெரிந்தாலும் அதிகமாகச் சாயத் தொடங்கும். நம் சாலைக்கு 15, 20 மில்லிமீட்டருக்கு மேல் இறக்க வேண்டாம். வேகனின் பின்பக்கத்தைக் காலி நிலையில் முன்பக்கத்தைவிடச் சற்றே உயர்த்தி வைப்பதில் வெட்கமும் இல்லை.

வாங்கும்போது ஷாக்கின் அடி முனையைத் தனியாக நீட்டவும் சுருக்கவும் முடிகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் இருக்கையை மட்டும் ஏற்றி இறக்கும் மலிவு வகையில், தாழ்த்தும்போது அமுங்கும் தூரமும் சேர்ந்து குறையும். அடி முனை நகரும் வகையில் உயரம் மாறினாலும் உள்ளே பிஸ்டனின் பயணம் அப்படியே இருக்கும். ஸ்பிரிங் இருக்கையைத் திருகி இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். சீரான சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் கம்பித் தடிமனிலும் சுருள் எண்ணிக்கையிலும் விட்டத்திலும் இருக்கிறது. இறுக்கினால் வண்டி உயரும், அவ்வளவே. அமுங்கலுக்கும் விரிதலுக்கும் தனித்தனிக் குமிழ் உள்ளவை விலை கூடியவை. பழக்கமில்லாத கையில் அவை வண்டியைக் கெடுக்கும் வழிகளைத்தான் கூட்டும். ஒரே குமிழ் உள்ள நல்ல ஷாக் பெரும்பாலோருக்குப் போதும்.

மாட்டிய பிறகு செய்யும் வேலைக்குப் பொறுமை வேண்டும். அரை டேங்க் பெட்ரோல், ஓட்டுநர் இருக்கையில் ஆள், சமதளம். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். டயர் காற்று கூடக்குறைய இருந்தாலும் இந்த அளவு மாறாது. ஜாக்கியில் ஏற்றித் திருகி இறக்கினால் உடனே அளக்கக் கூடாது. சக்கரங்கள் உள்வாங்கி நிற்கும். சில அடி முன்னும் பின்னும் உருட்டிய பின்பே டேப்பை எடுங்கள். உயரம் படிந்ததும் அலைன்மெண்ட், அதற்குப் பிறகுதான் குமிழ்.

குமிழை வலப்பக்கம் முழுக்க மூடுங்கள், கை வலுவைக் காட்டாமல். அது பூஜ்யம். அங்கிருந்து திறந்துகொண்டே 'டக், டக்' என்று எண்ணுங்கள். மொத்த எண்ணிக்கையில் பாதியில் நிறுத்தி, தெரிந்த ஒரே சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். மேம்பால இணைப்பு ஒன்றைத் தாண்டியதும் பின்பக்கம் ஒரு முறை எழுந்து அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடினால் இரண்டு கிளிக் மூடுங்கள். வரிசையாக வரும் மேடுகளில் வண்டி ஒவ்வொன்றுக்கும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்துகொண்டே போனால், ஸ்பிரிங் விரிந்து முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது என்று பொருள். அப்போது திறக்க வேண்டும். மேலே சொன்ன 300 கிலோ ஏறினால் அதே கிளிக்கில் அடக்கும் திறன் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. ஆகவே சுமை நாளில் பின்குமிழை இரண்டு மூன்று கிளிக் மூடி, கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி பின்டயர்களில் காற்றை ஏற்றி, முகப்பு விளக்கைக் கீழே இறக்கி வையுங்கள். பின்பக்கம் அமர்ந்த வேகனின் விளக்கு எதிரே வரும் லாரி டிரைவரின் கண்ணில் நேராக அடிக்கும்.

எல்லோருக்கும் இந்த உழைப்பு தேவையா என்றால், இல்லை. வோல்வோ எஸ்டேட் கார்கள் பலவற்றில் நிவோமேட் என்ற பின்ஷாக் கிடைத்தது. ஓடும்போது உண்டாகும் ஆட்டத்தையே பம்பாக்கி, உள்ளிருக்கும் எண்ணெயை அழுத்தி, அமர்ந்த வண்டியைச் சில கிலோமீட்டருக்குள் தானே நிமிர்த்திவிடும். மின்கம்பியும் மோட்டாரும் கிடையாது. லான்சர் வந்த அதே திருவள்ளூர் ஆலையில் 2021 முதல் சிட்ரோயன் சி5 ஏர்கிராஸ் தயாரானது. அதன் ஷாக்குகளில், பயணத்தின் இரண்டு முனையிலும் எண்ணெயாலான தடுப்புகள் உண்டு. ரப்பரில் மோதித் துள்ளுவதற்குப் பதில் அவை வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும். குமிழ் இல்லாமலேயே அருமையாக வேலை செய்யும் பொறியியல் இது. சாலையையும் வளைவையும் ரசித்து ஓட்டுபவருக்குத்தான் குமிழ்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூல அளவுகளுக்கு முரண்படும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மாட்டும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் விற்றுவிடாதீர்கள். புதிய ஸ்பிரிங் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் கொஞ்சம் படியும் என்பதால் அப்போது மறுபடி அளந்து அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கம் அடிக்கடி போகும் வண்டி என்றால் உப்புக் காற்று திருகுமரையைத் தின்றுவிடும். மாதம் ஒருமுறை மரையைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, மெல்லிய கிரீஸ் பூசி, பூட்டு வளையத்தை ஒரு சுற்று நகர்த்தித் திரும்ப இறுக்கி வையுங்கள்.