சீசன் வருமானத்தை எந்தக் கணக்கில் எழுத?

வாங்க, சத்தம் போடாமல் உள்ளே வாங்க! தென்காசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி, தலைமையாசிரியர் அறை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். கல்வி உதவித்தொகைத் தேர்வு விண்ணப்பம் போடும் நேரம். அரசுப் பள்ளியில் படிக்கும் சூட்டிகையான பிள்ளையைப் பெற்றவர்கள் முட்டிமோதுவது இந்த வாசலில்தான்.

அந்தப் புத்தகக் கட்டைத் தாண்டி வாங்க. ஆதார் நகல், பாஸ்புக், பசை டப்பா, ஆறிப்போன டீ. இதற்கெல்லாம் அடியில் ஒரு மேசை இருப்பதாகக் கேள்வி!

குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் ஓர் அப்பா தலையைச் சொறிகிறார். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. “சாரே, சீசன்ல கேட்டா நான் பணக்காரன், தை மாசம் கேட்டா கடன்காரன். எதை எழுதட்டும்?” அறையே சிரிக்கிறது. சார் மட்டும் சிரிக்கவில்லை: “இ-சேவையில 60 ரூவா கட்டி வருமானச் சான்று வாங்கிட்டு வாரும். அவ்வளவுதான்.” தேர்வுக் கட்டணம் 50 ரூபாய். ஒரு பையனுக்கு அதை யாருடைய சட்டைப்பை கட்டியது என்பதை நான் பார்த்துவிட்டேன். சொல்ல மாட்டேன்.

சாயங்காலச் சிறப்பு வகுப்புக்கு வந்தால் இன்னும் கூத்து. மின்விசிறி கிறீச்சிடுகிறது, சுண்டல் வாசம், எல்லார் நெற்றியிலும் வேர்வை. பலகையில் 3, 8, 15, 24, அடுத்து? பிள்ளைகள் பேனாவைக் கடிக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல்: “35! அஞ்சு, ஏழு, ஒம்பதுன்னு கூடிட்டே வருது, அடுத்து பதினொண்ணுதானட்டி!” சுற்றிய பீடியைக் கடையில் போட்டுவிட்டு மகளை அழைத்துப்போக வந்த அம்மா. மகள் மேசைக்கடியில் ஒளிகிறாள், டீச்சரோ சாக்பீஸை நீட்டி உள்ளே கூப்பிடுகிறார்! அந்த அம்மாவைத் தேர்வு எழுதவிட்டால் முதல் பட்டியலிலேயே பெயர் வரும் என்பது என் கணிப்பு.

தேர்வு நாளில் ஒன்றரை மணி நேரத்தில் 90 மனத்திறன் கேள்விகள். இடைவேளைக்குப் பிறகு பாடத்திலிருந்து இன்னொரு 90. உள்ளே இருக்கும் பிள்ளைகளைவிட வேப்பமரத்தடியில் நிற்கும் பெற்றோருக்குத்தான் நடுக்கம். “கறுப்புப் பேனாதான குடுத்து விட்டே?” என்று கணவர் கேட்க, மனைவி முகம் வெளிறுகிறது. இடைவேளை மணி அடித்ததும் கேட் இடுக்கில் இட்லிப் பொட்டலங்கள் பறக்கின்றன. “எப்படிலே இருந்துச்சு?” “கண்ணாடில தெரியுத படம்தான்மா குழப்பிட்டு.” அதற்குள் வாயில் அடுத்த வாய் இட்லி!

தமிழ்நாடு முழுமைக்கும் 6,695 இடங்கள். கிடைத்தால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு வருடத்தில் 48,000.

உங்கள் வீட்டிலும் அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருக்கிறதா? அந்த வகுப்பில் 55 சதவீதம் எடுத்தால்தான் பொதுவாக விண்ணப்பிக்க முடியும். வருமானச் சான்றைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடாமல் முன்னதாகவே வாங்கி வைத்துவிடுங்கள்.