எந்த நீதிமன்றத்தில் எந்தக் கேள்வி?

"கோட்டில வழக்கு நடக்குது" என்று ஒருவர் சொன்னால் எங்கள் பக்கத்தில் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்பதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்றச் செய்திகளுக்காக அலைந்த காலத்தில் நான் கேட்கப் பழகிய கேள்விகள் இரண்டு. எந்த நீதிமன்றம்? வழக்கைத் தொடுத்தது யார்? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமலே தவணைக்குத் தவணை பஸ் ஏறி வந்துபோன தாய்மாரைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இந்தியத் தொலைக்காட்சியில் வரும் உயர் நீதிமன்றத்துக்கு மேலே உச்ச நீதிமன்றம் உண்டு. இலங்கையிலோ உயர் நீதிமன்றம்தான் நாட்டின் அதியுயர் மன்று. அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதன் கீழே மாகாணங்களில் மேல் நீதிமன்றங்கள். அடித்தளத்தில் நீதவான் நீதிமன்றமும் மாவட்ட நீதிமன்றமும் இருக்கின்றன. நீதவான் குற்றங்களைப் பார்க்கிறார். காணி, கடன், விவாகரத்து போன்ற குடியியல் விடயங்கள் மாவட்ட நீதிபதிக்கு உரியவை. பல ஊர்களில் இரண்டும் ஒரே வளவில் இருப்பதால் சனங்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

குற்றவியல் வழக்கு உங்களுடைய வழக்கல்ல. உங்கள் பிள்ளை தாக்கப்பட்டிருந்தாலும் வழக்கை நடத்துவது பொலிஸார் அல்லது சட்டமா அதிபர். நீங்கள் முறைப்பாட்டாளர், சாட்சி. கைதானவரைப் பொலிஸார் வழக்கமாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுவர வேண்டும். ஆனால் கொலை போன்ற பாரிய குற்றத்தை நீதவான் விசாரித்துத் தீர்ப்பளிப்பதில்லை. சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தால்தான் அது மேல் நீதிமன்றத்துக்குப் போகும். அவர் தாக்கல் செய்யாவிட்டால் கோப்பு அப்படியே கிடக்கும். எங்கள் மக்களின் பல வழக்குகள் தேங்கியிருப்பது இந்த இடத்தில்தான் என்பது என் அபிப்பிராயம்.

வழக்கு முடிந்து தண்டனை கிடைத்தாலும் கடைசிச் சொல் நீதிமன்றத்துடையது அல்ல. 2000 ஆம் ஆண்டு மிருசுவிலில் எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கில், 2015 இல் கொழும்பில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று ஓர் இராணுவச் சிப்பாய்க்கு மரண தண்டனை விதித்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார்.

பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளில் இன்னொரு வேறுபாடு உண்டு. சாதாரண சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் எதிரிக்கு எதிரான சான்றாகாது. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கமான இந்தச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் அல்லது அதற்கு மேற்பட்டவரிடம் கொடுத்தது சான்றாகும். அது அச்சுறுத்திப் பெறப்பட்டது என்று காட்டும் பொறுப்பும் எதிரியின் தலையில்தான்.

இனிக் காணி. மீள்குடியேறிய ஊர்களில் அதிகம் நடப்பது இதுதான். திரும்பி வந்து பார்த்தால் வளவில் வேறொருவர் இருப்பார், அல்லது வேலி பத்தடி நகர்ந்திருக்கும். வாய்த்தர்க்கம் முற்றிப் பொலிஸுக்குப் போனால், அமைதிக் குலைவு ஏற்படலாம் என்று சொல்லிப் பொலிஸார் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் நீதவான் முன் வைப்பார்கள். ஒரு தரப்பினரும் நேரடியாக மனுச் செய்யலாம். நீங்கள் பாட்டன் காலத்து உறுதியோடு போவீர்கள். ஆனால் வீட்டுக் காணியில் நீதவான் கேட்கும் கேள்வி, மன்றுக்குத் தகவல் தாக்கல் செய்த நாளில் காணி யாருடைய ஆட்சியில் இருந்தது என்பதுதான். அதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் அவரைத் திருப்பி இருத்தலாம். மற்றப்படி உறுதி யாருடையது என்பது அங்கே தீர்மானிக்கப்படுவதில்லை.

ஆகவே 66 இல் தோற்றவர் காணியை இழந்துவிட்டதாக நினைத்து வீட்டில் இருந்துவிடக் கூடாது. அந்தக் கட்டளை குடியியல் உரிமையைப் பாதிக்காது என்று அதே சட்டம் சொல்கிறது. உரித்தை நிலைநாட்ட மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். அங்கே வழக்காளி நீங்கள்தான், செலவும் உங்களுடையது. ஆனால் குற்ற வழக்கைப்போல் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கத் தேவையில்லை. உங்கள் பக்கம் கூடுதலாக நம்பத்தக்கது என்று காட்டினால் போதும்.

தாமதம் ஆபத்தானது. தனியார் காணியில் ஒருவர் உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருடங்கள் தடையின்றி இருந்தால் அதைத் தனதாகக் கோரலாம். போரால் வழக்குத் தொடர முடியாமல் போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் இரண்டு வருடங்களுக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. முகாமிலிருந்து அப்போதுதான் ஊருக்கு வந்தவர்களுக்கும் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கும் அது எந்த மூலைக்குக் காணும்?

அடிப்படை உரிமை மீறலுக்கு இதைவிடக் குறுகிய காலம். பொலிஸ், படை, அரச அதிகாரி ஆகியோரின் செயலுக்கு எதிராக ஒரு மாதத்துக்குள் நேரே கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டுப் பிரதியை மட்டுமல்ல, விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதங்களையும் பத்திரப்படுத்துங்கள். மன்று அதையும் கேட்கும்.

ஆட்கொணர்வு மனுவுக்கு அந்த ஒரு மாத எல்லை இல்லை. கொழும்புக்கும் போகத் தேவையில்லை, மாகாண மேல் நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம். போரின் இறுதியில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களுக்காக 2013 இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் உறவினர்கள் மனுச் செய்தார்கள். முல்லைத்தீவு நீதவான் முன் விசாரணை நடந்தது. அவர்களில் சிலரை மன்றில் முன்னிலைப்படுத்துமாறு இராணுவத்துக்குக் கட்டளை வந்தது 2022 டிசெம்பரில். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். போகும்போது வழக்கு இலக்கத்தையும் நீதிமன்றத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கேயும் முதலில் கேட்பது அதைத்தான்.